ஹாலிவுட்டின் பழைய கிளாசிக் படங்கள் உண்மையிலேயே பேருக்கேற்ற படங்கள்தானா?

எல்லாம் இல்லை. ஆனால் 'ஓவர் பில்டப்' என்று அதிகம் திட்டு வாங்கும் 'சிட்டிசன் கேன்' (1941) பேருக்கேற்ற படம்தான் என்பேன். 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் 'எக்காலத்துக்கும் சிறந்த படம்' வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை அதற்குத்தான் முதலிடம், அந்தப் பட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்தப் படமும் ஏமாற்றத்தான் செய்யும். கதையை விடுங்கள், சிறுவன் கேன் ஜன்னலுக்கு வெளியே பனியில் விளையாட, உள்ளே அம்மா அவனை வங்கிக்காரரிடம் ஒப்படைக்கக் கையெழுத்துப் போடும் காட்சியைப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் கேமராவில் முன்னால் இருப்பவர்களும் தூரத்தில் இருக்கும் பையனும் ஒரே துல்லியத்தில் தெரிகிறார்கள், ஒரு கட் கூட இல்லாமல் அவன் வாழ்க்கையே மாறிவிடுகிறது. இயக்கிய ஆர்சன் வெல்ஸுக்கு அப்போது வயது 25!

'காஸாபிளாங்கா'வுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாம், வசனத்துக்காகவே இன்றும் பார்க்கலாம். 'கான் வித் தி விண்ட்' (1939)? வண்ணமும் பிரம்மாண்டமும் சரி, ஆனால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், அதிலும் அடிமைகளை எஜமானர் வீட்டில் மனநிறைவோடு இருந்தவர்களாகக் காட்டுவதைச் சகிக்க முடியவில்லை. அதில் நடித்து ஆஸ்கர் வாங்கிய ஹாட்டி மெக்டேனியல் கறுப்பினத்தவர் என்பதால் விழாவில் தனி மேஜையில்தான் உட்கார வைக்கப்பட்டார்.

அப்புறம், முதலில் எதைப் பார்ப்பது என்றால் 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) என்ற க்ரைம் படம்.