கையெழுத்து அசல்தான், தாய்ப்பத்திரம் எங்கே?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். அமெரிக்காவின் இரண்டாவது கருவூலச் செயலர் ஆலிவர் வோல்காட், 1797இல் ஒரு துறைமுகச் சுங்க அதிகாரிக்குக் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் 1,800 டாலருக்கு வாங்கினேன். கையெழுத்து அசல் என்ற சான்றிதழும் உண்டு. இப்போது ஏல நிறுவனம் எடுக்க மறுக்கிறது. பின்பக்கம் பென்சில் எண்ணை அழித்த தடம் இருக்கிறதாம். காசு கொடுத்து வாங்கியது என்னுடையதுதானே?

பதில்: சான்றிதழ் கையெழுத்துக்குத்தான் பொறுப்பு. நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோமே, அது உங்களிடம் இல்லை. திருட்டுப் பொருளை விவரம் தெரியாமல் வாங்கினாலும் அமெரிக்கச் சட்டப்படி உரிமை வராது.

பின்னாளில் அமெரிக்காவின் முதல் கருவூலச் செயலரான அலெக்சாண்டர் ஹாமில்டன், 1780 ஜூலை 21 அன்று பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து காணாமல்போன அது, 2018இல் ஏலத்துக்கு வந்தபோது சிக்கியது. 1945இல் வியாபாரியிடம் விலைக்கு வாங்கியது என்று அதை வைத்திருந்த குடும்பத்தார் வாதாடினார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

அதற்காகப் பழைய கடிதமெல்லாம் அரசுடையது என்று பதறவும் வேண்டாம். அக்கால அதிகாரிகள் பதவி விலகும்போது காகிதக் கட்டுகளை வீட்டுக்கே கொண்டுபோனார்கள்; தேசிய ஆவணக் காப்பகம் வந்ததே 1934இல்தான். அரசு அனுப்பிய ஆய்வுப் பயணக் குழுவின் தலைவர்களில் ஒருவரான வில்லியம் கிளார்க்கின் பயணக் குறிப்புகள் 1953இல் செயின்ட் பால் நகரில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தன. உரிமை கோரிய மத்திய அரசு 1958இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. உங்கள் கடிதமும் சுங்க அதிகாரியின் வீட்டுவழி வந்ததாக இருக்கலாம். ஆனால் அந்த எண் உறுத்துகிறது. காப்பகங்கள் ஆவணங்களில் பென்சிலால் எண் போடுவதுண்டு. எண் போடுவதில் தப்பில்லை, அதை ஏன் அழிக்க வேண்டும்?

விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் தெரியக்கூடும். தயவுசெய்து நீங்களும் ரப்பரை எடுத்துவிடாதீர்கள். யாரிடம், எப்போது வாங்கினார் என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பொருளோடு நல்ல உரிமையும் தருகிறேன் என்ற உத்தரவாதத்தை விற்பனைச் சட்டமே அவர் தலையில் வைக்கிறது. ஆனால் வழக்குக்குப் பொதுவாக நான்கு ஆண்டுதான். அதுவும் கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து, சந்தேகம் வந்த நாளிலிருந்து அல்ல. அவர் இழுத்தடித்தால், காலக்கெடுவை நிறுத்திவைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

எண் ஏதாவது காப்பகத்தைக் காட்டினால் வழக்கறிஞர் மூலம் அவர்களுக்கு எழுதுங்கள். விஷயத்தை மறைத்து இணையத்தில் தள்ளிவிடும் எண்ணம் மட்டும் வேண்டாம். இன்றுவரை நீங்கள் ஏமாந்த வாங்குநர். தெரிந்தே விற்றால் குற்றவாளி.