கல்லூரியில் நடக்கும் திறந்த கல்வி, டிஜிட்டல் கற்பித்தல் நிகழ்வுகளால் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

கேட்டிருப்பவர் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியை. அருகிலுள்ள கல்லூரியிலிருந்து மூன்று நிகழ்வுகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்கிறார்: திறந்த கல்வி வளங்கள் (எவரும் எடுத்து, திருத்தி, பகிரக்கூடிய பாடப்பொருள்கள்) பற்றிய ஓர் உரை, டிஜிட்டல் கற்பித்தல் பற்றிய ஒரு செயலமர்வு, ‘சேர்ந்து வேலை செய்யும் நேரம்’ என்று மட்டும் குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமை. வீட்டையும் பார்த்துக்கொண்டு ஒன்றுக்குத்தான் போக முடியும், எதற்குப் போவது, போய்வந்தால் வகுப்பறைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்.

மூன்றாவதற்குப் போங்கள், டீச்சர். அழைப்பிதழில் ஆகக் குறைவாக எழுதப்பட்டிருப்பது அதுதான். ஆனாலும் கையில் ஏதாவது ஒன்றோடு வீடு திரும்பக்கூடிய நிகழ்வும் அதுவே.

ஆசிரிய பயிலுனர்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பது என் தொழில். இந்த மூன்று வகை நிகழ்வுகளிலும் பேசியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன், நாற்காலியும் அடுக்கியிருக்கிறேன். உரைகளில் நல்ல விஷயங்கள் வரும். கைதட்டி, படம் எடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு கலைவோம். திங்கட்கிழமை காலை கரும்பலகை முன் நிற்கும்போது அந்த உரையிலிருந்து எடுத்துப் பயன்படுத்த ஒன்றும் கையில் இருக்காது. பேசியவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டதைச் செய்து பார்க்க அவர்களுக்கும் நேரம் தரப்படுவதில்லை, நமக்கும் தரப்படுவதில்லை.

நம் பகுதிக்கு இது ஏன் மற்ற இடங்களைவிட அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலவசக் கல்வி 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில், பெயருக்கு ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாக இருந்தன. கட்டடம் பிறகு வந்தது. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் தமிழ்மொழி மூல ஆசிரியர் பற்றாக்குறை இன்றும் தீரவில்லை. ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளைக்கு உதவக்கூடியது நல்ல குறிப்பும் நல்ல பயிற்சித்தாளும்தான். அவை எங்கே இருக்கின்றன? நகரத்துத் தனியார் வகுப்பில் கொடுக்கும் டியூட் என்ற அச்சுக் குறிப்பில் இருக்கின்றன. வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் காசு கொடுக்க முடிந்த பிள்ளைக்கு அது கிடைக்கிறது. தோட்டத்தின் மேல் டிவிஷனில் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

‘பாடநூல் இலவசமாகத்தானே கிடைக்கிறது, பிறகு திறந்த கல்வி வளம் என்று தனியாக எதற்கு?’ என்று பலர் கேட்பார்கள். 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தரவிறக்கவும் முடிகிறது. இது பெரிய காரியம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, மாற்றிப் பயன்படுத்த அனுமதி கிடைப்பது வேறு. 2002இல் பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் உருவானபோதும், 2019 நவம்பரில் யுனெஸ்கோ அதுபற்றி ஒரு பரிந்துரையை ஏற்றபோதும் வலியுறுத்தப்பட்டது இந்த இரண்டாவது வகையைத்தான்: பிரதியை வைத்திருக்கலாம், வகுப்பில் பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு சேர்க்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

திருத்தும் உரிமை நமக்கு எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன, படங்களும் அழகு. ஆனால் அங்கே ‘நிலை ஆற்றல்’ என்று படித்த பிள்ளை, நமது பரீட்சைத் தாளில் அதையே ‘அழுத்த சக்தி’ என்று பார்த்ததும் திகைத்து நிற்கும். திருத்த அனுமதி உள்ள ஒரு பாடமாக இருந்தால் நாமே கலைச்சொற்களை மாற்றி, உதாரணங்களை மாற்றி, நமது பாடத்திட்ட வரிசையில் அடுக்கிவிடலாம்.

டிஜிட்டல் கற்பித்தல் செயலமர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கருவியும் தடையில்லாத இணையமும் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடத்தப்படும் செயலமர்வு நமக்கு உதவாது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மேட்டிலும் ஏறி உட்கார்ந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆகவே அழைப்பு வந்ததும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், இணையம் இல்லாத வகுப்பு, இதற்கு என்ன சொல்லித் தருவீர்கள்? பதில் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ தளத்தில் மின்சுற்று, ஒளி, விசை போன்றவற்றைத் திரையில் அசைத்துப் பார்க்கும் சோதனைகள் உள்ளன, சில தமிழிலும் உள்ளன. அவற்றை ஒரு கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோய் இணையம் இல்லாமலே ஓட்டலாம். ‘கிவிக்ஸ்’ என்ற மென்பொருளில் விக்கிப்பீடியாவையே அப்படிக் கொண்டுபோகலாம். ‘கோலிப்ரி’ என்ற கற்றல் மென்பொருள் இணையம் எட்டாத பாடசாலைகளை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. இவற்றைச் சொல்லித் தரும் செயலமர்வு என்றால் இன்னொரு நாள் நிச்சயம் போங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சிரமதானத்துக்குப் போகிறவர் மண்வெட்டியோடு போவதைப்போல, இதற்கு ஒரு முடியாத வேலையோடு போக வேண்டும். பாதியில் நிற்கும் பயிற்சித்தாள், கையெழுத்தில் இருக்கும் குறிப்பு, எடுத்து வைத்துவிட்டு அடுக்காமல் விட்ட படங்கள், எதுவானாலும் சரி. நல்ல முறையில் நடத்தினால் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் இன்று எதை முடிக்கப்போகிறேன் என்று ஒரு வரி சொல்வார்கள். பிறகு மேடையும் ஒலிவாங்கியும் இல்லாமல் எல்லாரும் குனிந்து வேலை செய்வார்கள். கணினி தெரிந்த ஒருவர் சுற்றி வந்து சிக்கலை அவிழ்த்துவிடுவார். பிளேன்டீயும் பணிஸும் வரும். அதன் பிறகு பக்கத்தில் இருப்பவரின் தாளை வாங்கிப் படித்துத் திருத்தம் சொல்வது. கடைசி அரை மணி நேரம் சேமிப்பதற்கு.

பக்கத்தில் இருப்பவர் படிக்கும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. தனியாகச் செய்தால் ஒரு தாளை ஆசிரியர் ஒருவர்தான் பார்ப்பார், பிழை பிள்ளையின் கொப்பிக்குப் போய்விடும். இங்கே மஸ்கெலியாவில் கற்பிப்பவர் எழுதியதைத் தலவாக்கலையில் கற்பிப்பவர் படிக்கிறார். ‘இந்தக் கேள்வி என் பிள்ளைகளுக்கு விளங்காது’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியராக இருப்பவருக்கு இப்படிச் சொல்ல ஆள் இல்லை என்பதே பெரிய தனிமை. அது ஒரு பிற்பகலுக்காவது தீர்கிறது.

என்ன எழுதலாம் என்று யோசிக்கிறீர்களா? நம்மைச் சுற்றியே பாடம் கிடக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் குழாய்வழி இறங்கி நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. 1965இல் இயங்கத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையம் அது. மலையிலிருந்து விழும் நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று ஆங்கிலேயர் காலத்திலேயே வாதாடிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அழுத்த சக்தி இயக்கப்பண்புச் சக்தியாகி மின்சக்தியாகும் கதையை அந்தக் குழாயைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு எங்கோ உள்ள அணையின் படத்தைக் காட்டி ஏன் விளக்க வேண்டும்? நாமே எடுத்த நான்கு படங்களோடு இரண்டு பக்கப் பாடம் எழுதினால் அதைப் பிள்ளை தன் ஊர்ப் பாடமாகப் படிக்கும். மண்சரிவும் அப்படித்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று ஊறும் கலங்கிய நீர் போன்ற முன் அறிகுறிகளைத் தமிழில், படத்துடன், ஒரே பக்கத்தில் தரும் தாள் நமது ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டும். இதை எவரும் காசுக்கு விற்கும் பொருளாக விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சேமிக்கும் அரை மணி நேரத்தில்தான் உண்மையான தொல்லைகள் தலைகாட்டும். முதலாவது எழுத்துரு. நம்மிடம் உள்ள பழைய கோப்புகளில் பெரும்பகுதி ‘பாமினி’ என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினி இல்லாத கைப்பேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றிய பிறகு சூத்திரங்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் அவையும் சேர்ந்து மாறிவிடக்கூடும். அலுப்பான வேலை. நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டுமே முடிகிற வேலையும்கூட.

அடுத்தது உரிமம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பொதுவாக ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று நீங்கள் எழுதாவிட்டால், நல்ல எண்ணத்தோடு பகிர்ந்த தாளையும் இன்னொருவர் திருத்திக் கொடுக்க முடியாது. அதற்காகவே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. தாளின் அடியில் ஒரு வரி எழுதினால் போதும். நான் ‘பெயர் குறிப்பிடுக, அதே நிபந்தனையில் பகிர்க’ என்ற வகையைத்தான் எல்லாருக்கும் சொல்வேன். தமிழ் விக்கிப்பீடியாவும் அந்த வகையில்தான் இயங்குகிறது என்பதால் படமும் பத்தியும் இரு பக்கமும் போய்வரலாம்.

‘நான் கண் விழித்து எழுதியதை டியூஷன் மாஸ்டர் எடுத்து அச்சடித்து விற்றுவிடுவாரே’ என்ற பயம் எனக்குத் தெரியும், நியாயமான பயம்தான். அந்த வகை உரிமத்தில் அவர் விற்றாலும் உங்கள் பெயரை நீக்க முடியாது, வாங்கிய பிள்ளை அதைப் படியெடுத்து நண்பனுக்குக் கொடுப்பதைத் தடுக்கவும் முடியாது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகையும் இருக்கிறது, மனம் ஒப்பவில்லை என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அந்தத் தாளை விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது.

எதற்கு உரிமம் எழுதக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடந்தகால வினாத்தாள் நம்முடையது இல்லை. கூகுளில் தேடி ஒட்டிய படமும் நம்முடையது இல்லை. பாடசாலைப் பணியின் ஒரு பகுதியாக ஆக்கியதென்றால் உரிமை பணி தருபவருக்குச் சேரக்கூடும், ஆகவே அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது பின்னாளில் மன நிம்மதி தரும்.

கல்லூரியில் இவற்றை நடத்துபவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சில வார்த்தைகள். பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். மழை மாதங்களில் மூடுபனி இறங்கினால் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் போகும் ஆசிரியைகள் பஸ்ஸை நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்கள், வேலை ஓடாது. குழந்தையோடு வருபவருக்கு ஓர் அறை ஒதுக்குங்கள். மடிக்கணினி இல்லாமல் கைப்பேசியோடு வருபவரைப் பின்வரிசைக்கு அனுப்பாதீர்கள், நம்மில் பலருக்குக் கணினி என்பதே கைப்பேசிதான். கல்வியியற் கல்லூரி மாணவர்கள் இரண்டாண்டுப் படிப்புக்குப் பிறகு ஓராண்டு கட்டுறு பயிற்சிக்குப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். அவர்களையும் பழைய ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள், தட்டச்சு வேகம் ஒரு பக்கமும் பாட அனுபவம் மறுபக்கமும் இருக்கும். உலக அளவில் மார்ச் மாதத்தில் திறந்த கல்வி வாரம் நடக்கிறது என்பதால் அந்த வாரத்தில் மட்டும் விழா எடுத்துவிட்டு நிறுத்திவிடாமல், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். விழாவுக்குப் பதாகை அடிக்கும் காசில் பல மாதத்துக்குத் தேநீர் கொடுக்கலாம். முடித்த தாள்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு மறந்துவிடாதீர்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற, எவரும் தேடி எடுக்கக்கூடிய இடம் ஒன்றில் வைப்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

டீச்சர், உங்களுக்குக் கடைசியாக ஒன்று. முதல் முறை போகும்போது பெரிய வேலையை எடுத்துப் போகாதீர்கள். எந்தப் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் தடுக்கி விழுகிறார்களோ, அந்த ஒரு பாடத்துக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். படங்களை முந்தின நாளே கைப்பேசியில் எடுத்து வைத்துவிடுங்கள், சார்ஜரும் பென் டிரைவும் பையில் இருக்கட்டும். அங்கே யாராவது அதே பாடத்துக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா என்று போனதும் கேளுங்கள். இருந்தால் அதை வாங்கி உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி திருத்தத் தொடங்குங்கள்.