சின்ன போட்டோட இன்போர்ட் இன்ஜின ஒர்க்‌ஷாப் போகாம நாமளே மாத்திக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி மலேசியா, பினாங்கு பக்கம் நிபோங் திபால்காரர். 20 அடி ஃபைபர் போட்டு, இன்போர்ட்டு, அதாவது போட்டுக்குள்ளயே உக்கார்ற பழைய ரெண்டு சிலிண்டர் டீசல், உப்புத்தண்ணி அரிச்சு பிளாக்குல ஓட்ட விழுந்திருச்சு, ஒர்க்‌ஷாப்ல கூலி மட்டும் சொன்ன வெலைய கேட்டு தல சுத்திருச்சு, நாமளே மாத்துனா என்ன, ஒரு ஆள் போதுமான்னு கேட்டிருக்கார்.

முடியும் லா தம்பி. நானும் என் மச்சானும் மாத்துனோம், போட்டு இன்னிக்கும் ஓடுது. ஆனா நாலு ஞாயித்துக்கெழமையில முடிச்சிரலாம்னு தீவாளிக்கு முன்னாடி தொட்ட வேல, தைப்பூசம் தாண்டித்தான் தண்ணியில ஓடுச்சு. ஒரு ஆள் போதாது, அத மட்டும் இப்பவே சொல்லிட்றேன்.

நான் பேராக்குல ஊத்தான் மெலிந்தாங் பக்கம், தோட்டத்துல பொறந்து வளந்தவன், வேல செம்பனை ஆலைல ஃபிட்டர். எங்க போட்டு 22 அடி, பெர்ணாம் ஆத்துலதான் கட்டி வச்சிருக்கோம், லீவு நாள்ல ஊடாங் காலா (ஆத்துல கெடைக்கிற பெரிய எறா) புடிக்கப் போறதுக்கு. எங்களுக்கும் உங்க கததான், கடல் தண்ணியவே நேரா பிளாக்குள்ள ஓடவிட்டு குளுர வைக்கிற பழைய மாடல், 20 வருசத்துக்கு மேல ஓடி உள்ளுக்குள்ளயே கரஞ்சு போச்சு. ஆலைல நாள் முழுக்க பம்பு, மோட்டார், கியர்பாக்ஸ்னு கழட்டி மாட்றவன் ஆச்சே, இது என்ன பெரிய வேலன்னு நெனச்சுட்டேன். கழட்றதும் மாட்றதும் உண்மையிலேயே பெரிய வேல இல்ல. அளவுதான் ஆள கொல்லும்.

மொதல்ல நாங்க பண்ண முட்டாத்தனம். வெல மலிவா ஒரு ரீகண்டிஷன் ஜப்பான் இன்ஜின் கெடச்சுதுன்னு வாங்கிட்டு வந்து வீட்டு வாசல்ல எறக்கிட்டு, அதுக்கப்பறந்தான் டேப்ப எடுத்தோம். மவுண்டிங் கால் அகலம் பாத்தோம், நீளம் பாத்தோம், எல்லாம் சரி. பாக்காம விட்டது ஒண்ணே ஒண்ணு, மவுண்டிங் கால் அடியில இருந்து ஷாஃப்ட் (புரொப்பல்லர சுத்துற தண்டு) நடு சென்டர் எத்தன இஞ்சி மேலயோ கீழயோ இருக்குன்றது. அது பழைய இன்ஜினுக்கும் புதுசுக்கும் ஒண்ணே கால் இஞ்சி வித்தியாசம், புதுசுல கீழ இருந்துச்சு. ஷாஃப்ட் லைன எறக்க முடியாது, அது போட்டு அடியில ஓட்ட போட்டு வச்ச எடம். அப்ப இன்ஜினத்தான் ஏத்தணும், அதுக்கு இன்ஜின் உக்கார்ற பெட்ட ஏத்தணும். மலாய்க்காரங்க செங்ஙால்னு சொல்ற அந்த கெட்டி மரத்துல (நம்ம செங்கல் இல்ல) ரெண்டு கட்ட இழச்சு, எப்பாக்ஸி போட்டு ஒட்டி, மேல ஃபைபர் மூணு லேயர் சுத்தி, காஞ்சதும் போல்ட்டு ஓட்ட போட்டோம். இதுக்கே மூணு ஞாயிறு போச்சு.

அதனால இன்ஜின் வாங்குறதுக்கு முன்னாடியே பிளைவுட்ல ஒரு பொம்ம இன்ஜின் அறுத்துக்குங்க. மவுண்ட்டு கால், ஷாஃப்ட் சென்டர், கீழ ஆயில் சம்ப், பின்னாடி கியர்பாக்ஸ், அவ்வளவு போதும். அத போட்டுக்குள்ள எறக்கி பாருங்க, சம்ப் அடியில இடிக்குதா, ஃபில்டர் மாத்த கை போகுதா, பெல்ட்டு பக்கம் ஸ்பேனர் திரும்புதான்னு. இம்பெல்லர் (தண்ணி பம்புக்குள்ள சுத்துற ரப்பர் சக்கரம்) மூடிய கழட்ட முடியாத மாதிரி சொவத்தோட ஒட்டி ஒரு ஆள் மாட்டி வச்சிருந்தார், வருசத்துக்கு ஒருதடவ இன்ஜினையே நகத்தி இம்பெல்லர் மாத்துறார், பாவம்.

அடுத்தது கியர்பாக்ஸ். இத கொஞ்சம் நிறுத்தி படிங்க, பணம் போன எடம் இதுதான்.

நாம கார பின்னாடி எடுக்குறப்ப கோஸ்தான், கோஸ்தான்னு சொல்றோம்ல, அது கப்பல்காரங்க இங்கிலீசுல "கோ ஆஸ்டர்ன்"னு சொல்றதுல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. எல்லாத்தையும் மாட்டி, ஜெட்டில கயித்த கட்டி, மொத தடவ லிவர முன்னாடி தள்ளுறேன், போட்டு அமைதியா கோஸ்தான் போவுது. பக்கத்து போட்டுல வலை பின்னிக்கிட்டு இருந்த மலாய்க்கார பாக் சிக் (பெரியவர்) சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. மச்சான் உடனே கேபிள அந்தப் பக்கம் மாத்தி மாட்டுனான், போட்டு முன்னாடி போச்சு, ஆஹா முடிஞ்சுதுடான்னு தே தாரே குடிக்க கெளம்பிட்டோம். அங்க ஜெட்டி கடைல உக்காந்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப் தவுக்கேதான் (மொதலாளி), வயசான மனுசன், ஒரு கேள்வி கேட்டார், உன் கியர்பாக்ஸ் கோஸ்தான் பக்கமே நாள் முழுக்க ஓட்றதுக்கு செஞ்சதா அப்டின்னு. புக்க பொரட்டி பாத்தா இல்ல. சில கியர்பாக்ஸ் ரெண்டு பக்கமும் ஒரே பலத்துல ஓடும், எங்களோடது ரிவர்ஸ் பக்கம் கொஞ்ச நேரத்துக்கு மட்டுந்தான். அப்டியே ஓட்டியிருந்தா உள்ள இருக்குற கிளட்ச் எரிஞ்சிருக்கும். கடைசில கேபிள பழையபடியே மாட்டிட்டு, எதிர்ப்பக்கம் சுத்துற புரொப்பல்லரா மாத்துனோம்.

இதுக்கு பாக்க வேண்டியது சின்ன விசயந்தான். போட்டுக்கு பின்னாடி நின்னு பாக்கணும், முன்னாடி போறப்ப புரொப்பல்லர் கடிகாரம் மாதிரி சுத்துனா ரைட் ஹேண்ட், எதிர்ப்பக்கம்னா லெஃப்ட் ஹேண்ட். புது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ட எந்தப் பக்கம் சுத்துதுன்னு வாங்குறப்பவே கேளுங்க. கூடவே ரேஷியோ, அதாவது ஷாஃப்ட்டு ஒரு சுத்து சுத்த இன்ஜின் எத்தன சுத்து சுத்துதுன்ற கணக்கு, கியர்பாக்ஸ் பிளேட்டுல அடிச்சிருக்கும், 2.1 இருந்த எடத்துல 2.6 வந்தா பழைய புரொப்பல்லர் மெதுவா சுத்தும், போட்டு சோம்பேறி ஆயிரும். முழு திராட்டல் குடுத்தா இன்ஜின் அதோட புக்குல போட்டிருக்குற ஆர்.பி.எம்-ம தொடணும், தொடாம கரும்பொக கக்குச்சுன்னா புரொப்பல்லர் பெருசு. பிட்ச்ச (ஒரு சுத்துக்கு புரொப்பல்லர் முன்னாடி போற தூரக் கணக்கு) ஒரு இஞ்சி கொறச்சா ஏறக்கொறைய 200 ஆர்.பி.எம் கூடும்னு கணக்கு வச்சுக்கலாம்.

இன்ஜின வெளிய எடுக்குறது. ரெண்டு சிலிண்டர் கியர்பாக்ஸோட 110, 120 கிலோ வரும், ரெண்டு பேர் தூக்கி ஏத்துற வேல இல்ல, செயின் பிளாக் வேணும். எங்க ஜெட்டில மீன் கூடைய தூக்குற குறுக்கு கட்ட இருக்கு, போட்ட அதுக்கு அடியில தள்ளி, செயின் பிளாக்க மாட்டுனோம். தண்ணி ஏறி நிக்கிற நேரம்னு பாத்துத்தான் ஆரம்பிச்சோம், ஆனா அன்னிக்கு பௌர்ணமிக்கு மறுநாள்னு யாரும் யோசிக்கல. ஒரு போல்ட்டு துரு புடிச்சு வரல, அதோட மல்லுக்கட்டி ஒருமணி நேரம் போயிருச்சு, அப்பறம் இன்ஜின ஒரு சாண் தூக்கிட்டு செயின விட்டுட்டு மூச்சு வாங்குறோம், பாத்தா செயின யாருமே தொடல, இன்ஜின் தானா மேல போவுது. மேல போவல, போட்டு கீழ எறங்குது! தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு. அதுலயும் இன்ஜின் அடியில ஒரு எர்த் கேபிள் கழட்டாம விட்டிருக்கோம், அது விறைச்சு போயி போட்டோட ஒரு பக்கத்தையே தூக்கிக்கிட்டு நிக்குது. மச்சான் படுத்துக்கிட்டு கைய உட்டு கேபிள வெட்டுன அந்த நொடி போட்டு தொப்புன்னு விழுந்து ஆடுச்சு, அவன் விரல் தப்புனது மாரியம்மா புண்ணியம்.

புது இன்ஜின எறக்குறப்ப புத்தி வந்திருச்சு. பௌர்ணமி, அமாவாச பக்கம் தண்ணி ரொம்ப ஏறி ரொம்ப எறங்கும், அஷ்டமி நவமி பக்கந்தான் ஏத்த எறக்கம் கம்மி, நிதானமா வேல செய்யலாம். இத எங்கம்மாகிட்ட சொன்னா, அஷ்டமியில எவனாவது புது இன்ஜின் ஏத்துவானாடான்னு அர்ச்சன. காலண்டர்ல அம்மா பாக்குறது நல்ல நேரம், நான் பாத்தது தண்ணி. கடைசில அஷ்டமியிலயே எறக்குனோம், மொத ஸ்டார்ட்ட மட்டும் அம்மா சொன்ன நாள்ல வச்சுக்கிட்டோம், தேங்கா ஒடச்சு.

இப்ப அலைன்மெண்ட், அதாவது இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டுல வைக்கிறது. கியர்பாக்ஸ் கப்ளிங்கும் ஷாஃப்ட் கப்ளிங்கும் (ரெண்டையும் போல்ட்டு போட்டு சேக்குற வட்டத் தட்டுங்க) மொகத்துக்கு மொகம் நேரா உக்காரணும். நாலு இஞ்சி கப்ளிங்னா சுத்திவர எடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர தாண்டக்கூடாது, ஆலைல நாங்க பம்புக்கு பாக்குற அதே கணக்கு. போல்ட்ட கழட்டிட்டு ரெண்டு மொகத்தையும் கிட்ட கொண்டாந்து, ஃபீலர் கேஜ (எடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) மேல, கீழ, எடது, வலதுன்னு நாலு எடத்துல விட்டு பாருங்க. ஷாஃப்ட் சொந்த கனத்துல தொங்கும், அதுக்கு அடியில முட்டு குடுத்துட்டு பாக்கணும். அப்பறம் ஷாஃப்ட்ட மட்டும் அர சுத்து சுத்தி மறுபடி பாருங்க. எடைவெளி ஷாஃப்ட்டோட சேந்து சுத்துனா ஷாஃப்ட்டு வளைஞ்சிருக்கு, இல்ல கப்ளிங் மொகம் கோணல். அதே எடத்துல நின்னா இன்ஜின்தான் கோணலா உக்காந்திருக்கு. முன் மவுண்ட்டு நட்ட கால் சுத்து திருப்புனா பின்னாடி எடைவெளி மாறும், அத சரி பண்ணா எடதுபக்கம் போயிரும், சரக்கு கடைல பழைய தராசு புடிக்கிற மாதிரி. கோவப்படாம செய்யணும். என் மச்சான் ரெண்டுதடவ ஸ்பேனர தூக்கி ஆத்துல எறிஞ்சான், ரெண்டுமே என்னோட ஸ்பேனர்.

முக்கியமா, இத கரையில வச்சு செஞ்சுட்டு முடிஞ்சுதுன்னு நெனச்சுராதீங்க. போட்டு தண்ணியில எறங்குனதும் அதோட உடம்பு கொஞ்சம் வளையும், புது ரப்பர் மவுண்ட்டும் இன்ஜின் கனத்துக்கு ரெண்டு மூணு நாள்ல அமுங்கும். ஒருநாளாவது மெதக்க விட்டுட்டு கடைசி அளவ எடுங்க. ஃப்ளெக்சிபிள் கப்ளிங் போட்டா அலைன்மெண்ட் தேவையில்லன்னு சிலபேர் சொல்லுவாங்க, அது அதிர்ச்சிய வாங்குறதுக்கு இருக்கு, கோணல மறைக்கிறதுக்கு இல்ல.

மொத ஸ்டார்ட்ல ஒரு ஆபத்து இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. டீசல் லைன்ல காத்து இருக்கும், பிளீட் ஸ்க்ரூவ தளத்தி கை பம்ப அமுக்கி கொமிழி இல்லாம டீசல் வர்ற வரைக்கும் எடுக்கணும், சரியா எடுக்கலன்னா இன்ஜின் புடிக்காது, நீங்க விடாம ஸ்டார்ட்டர அடிச்சுக்கிட்டே இருப்பீங்க. அந்த ஒவ்வொரு அடிக்கும் பம்பு, குளுர வைக்கிற தண்ணிய எக்சாஸ்ட்டுக்குள்ள (பொகக்குழாய்) தள்ளிக்கிட்டே இருக்கும், இன்ஜின் ஓடாததால அத வெளிய தள்ள பொக இல்ல, நெறஞ்சு திரும்பி சிலிண்டருக்குள்ள வந்திரும், புது இன்ஜின் அங்கயே முடிஞ்சுது. அதனால சீகாக்க (வெளித்தண்ணி உள்ள வர்ற வால்வு) மூடிட்டு கொஞ்சம் கொஞ்சமா அடிங்க, புடிச்ச உடனே தெறக்கணும், ரப்பர் இம்பெல்லர் காஞ்சு ஓடுனா கிழிஞ்சிரும். எங்க போட்டுல மச்சான் பையன சீகாக் பக்கத்துல உக்கார வச்சு, நான் கத்துனா தெறன்னு சொல்லி வச்சோம். இதுக்கும் சேத்துத்தான் ஒரு ஆள் போதாதுன்னேன்.

டேங்க விட்றாதீங்க. 2019ல நம்ம பெட்ரோல் ஸ்டேஷன் டீசலுக்கு பி10 வந்துச்சு, அதாவது பத்து சதவீதம் செம்பனை எண்ணெயில செஞ்ச பயோடீசல். நாங்க ஆலைல பிழியறது சுத்தி வந்து எங்க டேங்குலயே விழுது. அது தண்ணிய இழுக்கும், பழைய டேங்குல வருசக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்த அழுக்க கரைச்சு கொண்டாந்து ஃபில்டர்ல அப்பும், பழைய ரப்பர் ஹோஸ ஊற வச்சிரும். டேங்க கழுவுங்க, ஹோஸ மாத்துங்க, தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு கட்டாயம் போடுங்க. நடு ஆத்துல ஃபில்டர் அடச்சு நின்னா அந்தக் கரை சிலாங்கூர், இந்தக் கரை பேராக், எதுலயும் ஆள் வராது.

உங்க போட்டு மீன்புடி லைசன்ஸ் போட்டுன்னா, இன்ஜின கழட்றதுக்கு முன்னாடியே ஜபாத்தான் பெரிகானான் (மீன்வளத் துறை) ஆபீஸ்ல அனுமதி எடுங்க, லைசன்ஸ்ல இன்ஜின் விவரம் இருக்கும். பழைய ஆயில ஆத்துல ஊத்தாதீங்க, ஆலைல அதுக்கு கழிவு லிஸ்ட்டுல எஸ்.டபிள்யூ 305னு தனி கோடே இருக்கு, டிரம்முல புடிச்சு ஒர்க்‌ஷாப்புல குடுங்க, எடுத்துக்குவாங்க.

செலவு. இன்ஜினுக்கு குடுத்ததுல பாதிக்கு மேல சில்லற சாமான்ல போச்சு, மவுண்ட்டு, கப்ளிங், எக்சாஸ்ட்டு ஹோஸ், புரொப்பல்லர், அப்பறம் ரெண்டு ஸ்பேனர். கூலி மிச்சந்தான், ஆனா உங்க ஞாயித்துக்கெழமைக்கு வெல போட்டு பாத்தா பெருசா மிச்சம் இல்ல. ஆத்துலயே ஓட்றீங்க, டீசல் சத்தமும் புடிக்கலன்னா அவுட்போர்ட்டு (வெளிய பின்னாடி மாட்ற இன்ஜின்) மாட்டிட்டு நிம்மதியா இருக்கலாம், நான் தப்பு சொல்ல மாட்டேன். அப்பா போட்டு, அப்டியே வச்சிருக்கணும்னு தோணுச்சுன்னா, பழைய கியர்பாக்ஸ் பிளேட்டுல அடிச்சிருக்குற நம்பரையும், பின்னாடி நின்னு புரொப்பல்லரையும் ஒரு படம் புடிச்சு கீழ போடுங்க, எந்தப் பக்கம் சுத்துறதுன்னு பாத்து சொல்றேன்.