சொத்தை நரம்பு வரை போன பல்லை ரூட் கெனால் இல்லாமல் காப்பாற்ற முடியுமா?

"மகளுக்கு 12 வயது. கடைவாய்ப்பல் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. ரூட் கெனால் வேண்டாம், நரம்பை உயிரோடு வைத்தே பார்க்கலாம் என்கிறார் டாக்டர். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம். நானும் பல் மருத்துவர்தான். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டு நம்புங்கள்.

நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் ரத்தக்குழாய்களும் செல்களும் நிறைந்த கூழ். 1965-ல் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் எலிகளின் பல்லைத் துளைத்து, கூழைத் திறந்தபடியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகியது. கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளுக்கோ, தீனி துளைக்குள் போய் அடைத்திருந்தும் கூழ் பிழைத்து, தானே மேலே பல் போன்ற கெட்டியான மூடியாக ஒரு பாலம் கட்டிக்கொண்டது. சொத்தையையும் கெட்ட கூழையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதிக் கூழின் மேல் மருந்து வைத்து மூடுவதுதான் உங்கள் டாக்டர் சொல்லும் சிகிச்சை. எனக்கு அது முழுக்க அந்த எலிக்கதைதான்: கிருமியை அண்டவிடாவிட்டால் கூழ் பிழைக்கும். மருந்தின் விலையை எல்லாரும் விசாரிக்கிறார்கள். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டுவீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்தது ரத்தம். வலியை வைத்து மட்டும் கூழின் நிலையைச் சொல்லிவிட முடியாது; திறந்து பார்த்தால்தான் தெரியும். ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை வைத்து ஐந்து, பத்து நிமிடம் காத்திருப்போம். ரத்தம் நின்றால் நல்ல சகுனம். நிற்காவிட்டால் அழற்சி இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். கூழை இன்னும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பார்ப்போம். ரத்தமே வராவிட்டால் அந்த இடத்தில் கூழ் செத்துவிட்டது.

வயதைப் பொறுத்தவரை, எந்தக் கடைவாய்ப்பல் என்று கேளுங்கள். ஆறு வயதில் முளைத்த பல் என்றால் வேர் வளர்ந்து முடிந்திருக்கும். 12 வயதில் முளைப்பது என்றால் வேர்நுனி இன்னும் திறந்தே இருக்கும். அங்கே ரத்த ஓட்டம் அதிகம், பிழைக்க வாய்ப்பும் நல்லது. கூழ் செத்தால் வேர் வளர்ச்சி பாதியில் நின்று பல் பலவீனமாகிவிடும். அதனால் அங்கே முயன்று பார்ப்பதுதான் சரி.

கூழின் மேல் வைக்கும் மருந்தில் எம்டிஏ, பயோடென்டின் என்ற சிமெண்ட் வகைகள் இரண்டுமே நல்லவை. பழைய கால்சியம் ஹைட்ராக்சைடு நாளடைவில் கரைந்துபோகும்.

நான் கோட்டை விட்டது கடைசிக் கட்டத்தில். ஒரு கல்லூரி மாணவர். ரத்தம் மூன்றே நிமிடத்தில் நின்றது, மருந்தும் அழகாக உட்கார்ந்தது. மேலே தற்காலிக அடைப்பு வைத்து, இரண்டு வாரத்தில் வரச் சொன்னேன். பரீட்சை, ஊர்த் திருவிழா என்று ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தார், கன்னம் வீங்கி. அடைப்பின் ஓரம் பெயர்ந்து கிருமி உள்ளே போயிருந்தது. ரூட் கெனால்தான் செய்ய வேண்டியதாயிற்று. தப்பு அவர் மேல் இல்லை. முடிந்தவரை அன்றைக்கே நிரந்தர அடைப்பு போடுவது என்று அதன்பிறகு வைத்துக்கொண்டேன். உங்கள் டாக்டரிடமும் அதைக் கேளுங்கள்.

ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிடுவார். வலி இல்லையே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். கூழ் சத்தமில்லாமலும் சாகும், அப்போது வேர்நுனியில் கருநிழல் மட்டும் விழும். மேற்பகுதிக் கூழ் முழுவதையும் எடுத்திருந்தால் ஐஸ் வைத்துச் சோதிக்கும்போது மகளுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்காகப் பல் செத்துவிட்டது என்று பதற வேண்டாம்.