1966 அம்பாசிடரில் திருச்சியிலிருந்து ஊட்டி: லாரியா, ஓட்டிக்கொண்டா?

கேள்வி: தாத்தா 1966-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 எங்கள் வீட்டில் இருக்கிறது. மாதம் ஒரு முறை திருச்சிக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி வருவேன். அடுத்த மாதம் எங்கள் கிளப் ஆட்கள் ஊட்டியில் கூடுகிறார்கள். லாரியில் ஏற்றி அனுப்பு என்கிறார்கள் வீட்டில். இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் பண்ணிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்கிறார் மெக்கானிக். எனக்கு ஓட்டிக்கொண்டே போகத்தான் ஆசை. எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஓட்டிக்கொண்டே போங்கள். இன்ஜினை மட்டும் இப்போது இறக்காதீர்கள். புதிதாக ஓவர்ஹால் செய்த இன்ஜினுக்குச் சில நூறு கிலோமீட்டராவது நிதான ஓட்டம் வேண்டும். அதை அப்படியே மலையில் ஏற்றுவது போல ஒரு கொடுமை வேறில்லை. வண்டி நன்றாகச் சூடான பிறகும் ஆயில் பிரஷர் நிற்கிறதா? புகைக்குழாயில் நீலப்புகை இல்லையா? அப்படியானால் அந்த 1,489 சிசி இன்ஜின் உங்களை ஊட்டியில் கொண்டுபோய் விடும்.

உங்கள் வண்டிக்கு ஆபத்து வயதால் இல்லை, சும்மா நிற்பதால்தான். மாதம் ஒரு சுற்று என்பது ஓடிய கணக்கில் சேராது. நிற்கும் வண்டியில் முதலில் கெடுவது ரப்பர்: பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கப், பெட்ரோல் ஹோஸ், ஃபேன் பெல்ட், டயர். ஓவர்ஹாலுக்கு ஒதுக்கிய பணத்தில் கால்வாசியை இவற்றுக்குச் செலவழித்தால் போதும்.

முதல் வேலை பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இருப்பதோ ஒரே சர்க்யூட். அதாவது ஏதோ ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். அதனால் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த சிலிண்டரை மாற்றிவிட வேண்டியதுதான். ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பழைய ஹோஸ் உட்பக்கமாக உப்பி அடைத்துக்கொள்ளும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெதுவாக நிறுத்துங்கள். இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அங்கே பிரேக் உரசுகிறது, இல்லாவிட்டால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது.

பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலை இறங்கும்போது டிரம் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும்.

டயரில் பட்டை இருக்கிறதா என்பது போதாது, தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் தேதி. 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம். பத்து வருடம் தாண்டியதை ஸ்டெப்னியாகக்கூட வைக்க வேண்டாம்.

எத்தனாலுக்கு வருவோம். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் இன்ஜினை ஒரே நாளில் தின்றுவிடாது. ஆனால் மூன்று காரியம் செய்யும். பழைய ரப்பரை உப்பவைத்து இளக்கும். டேங்கில் படிந்து கிடக்கும் பழைய கசடைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மேலே ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாபிரமும் அதே மாதிரி வேண்டும். கண்ணாடி போல உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்று போட்டு, கையில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில டேங்கில் அது எப்படிக் கறுத்துப்போகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். எத்தனாலால் கலவை கொஞ்சம் மெலிந்தும் போகும், அதாவது காற்றோடு சேரும் எரிபொருள் போதாமல் போகும். சமவெளியில் வண்டி இழுவை குறைந்து சூடாகிறது என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை ஒரு துளி கூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஊட்டியில் காற்று மெலிது, அங்கே தானாகவே பெட்ரோல் மிஞ்சும். அதனால் ரொம்பக் கூட்டிவிடவும் வேண்டாம்.

பாதை சுமார் 300 கிலோமீட்டர். கரூர், காங்கேயம், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை கவலையில்லை. எழுபதைத் தாண்டாமல் ஓட்டுங்கள். விடியும்போது கிளம்பினால் வெயில் ஏறுமுன் பெரும்பகுதி முடிந்துவிடும். இருட்டோடு, ஹெட்லைட் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டயனமோ. வண்டி ஐடிலில் நிற்கும்போது அது சார்ஜ் கொடுப்பதே இல்லை.

விஷயம் மேட்டுப்பாளையத்துக்கு அப்புறம்தான். சுமார் 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஐம்பது கிலோமீட்டரில் ஏற வேண்டும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஊட்டி உயரத்தில் சுமார் 93 டிகிரியே போதும். ரேடியேட்டர் மூடியின் வாஷர் சரியாக இருந்தால் அது அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை ஏற்றிவிடும். சின்னச் சாமான்தான், புதிதாகப் போடுங்கள். சூடு ஏறினால் ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து, ஐடிலில் ஓடவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

டீ குடிக்க நிறுத்தி, திரும்ப வந்து ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மட்டும் சுற்றும், வண்டி கிளம்பாது. பயந்துவிடாதீர்கள். பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் சரியாகிவிடும். பழைய டாக்சி டிரைவர்களின் இந்த வைத்தியத்தை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. பம்புக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் ஒரு தகரத் தகடு அடித்துவைத்தால் இந்தத் தொல்லையே பாதி குறையும்.

கொண்டை ஊசி வளைவில் முதல் கியர் தேவைப்படலாம். உங்கள் கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. ஓடும்போது போட்டால் கரகரக்கும். டபுள் கிளட்ச் (நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியர் போடுவது) பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஏறக்குறைய நின்ற பிறகு போடுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விடுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழைய பழக்கம் யாருக்காவது இருந்தால், அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள்.

கூடக் கொண்டுபோக வேண்டியவை: ஃபேன் பெல்ட், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் சாமான்களான பாயின்ட், கண்டென்சர், காயில், இரண்டு பிளக், கூடவே ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், ஒயர், பிரேக் ஆயில், இழுவைக் கயிறு. ஒரு விஷயம், இப்போது கடையில் கிடைக்கும் கண்டென்சர் பல சமயம் புதிதிலேயே கெட்டிருக்கும். ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்ற வேண்டாம். புதியதை ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்பேராகப் பையில் போடுங்கள்.

காகிதம்: ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருக்க வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, மூலவடிவம் மாறாத வண்டியை ‘விஏ’ வரிசையில் வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்க முடியும். மாதாந்திரச் சுற்று உங்களுக்கு முக்கியம் என்றால் வழக்கமான ஆர்சியையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. ரேடியேட்டருக்கான தண்ணீரைச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் எடுத்துப் போகாதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெரிய கேன் நல்லது.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேலைகள் முடிந்ததும் முதல் ஞாயிறு ஐம்பது கிலோமீட்டர், அடுத்தது நூறு, அதற்கடுத்து கரூர் போய்த் திரும்புங்கள். ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிட்டு, மறுநாள் காலை எந்த இடத்தில் என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கரூர் போய்வந்த பிறகும் பிரேக் ஒரு பக்கம் இழுத்தாலோ, அட்டையில் பிரேக் ஆயில் தெரிந்தாலோ, அப்போது லாரியைக் கூப்பிடுங்கள்.