தூக்க மாத்திரையை விட முடியுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தூக்க மாத்திரை, படபடப்பு மாத்திரை பற்றியவை. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: கணவர் தவறி நாலு வருடம் ஆகிறது. காரியம் முடிந்த வாரத்தில் தூக்கமே இல்லை என்று போனபோது அல்பிரசோலம் அரை எம்ஜி கொடுத்தார்கள். இப்போது ஒன்று போட்டால் கேட்பதில்லை, ரெண்டு போடுகிறேன். போன மாதம் ஒருநாள் மெடிக்கலில் இருப்பு இல்லை. மறுநாள் கை நடுங்கி, நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா டாக்டரம்மா? (செல்லூர் வாசகி)

பதில்: அம்மா, அந்தச் சொல்லை முதலில் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் உடம்பில் நடந்திருப்பது இதுதான். மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. அல்பிரசோலம், லோராசெபாம், குளோனசெபாம், டயசெபாம், நைட்ரசெபாம் எல்லாம் காபாவின் வேலைக்குக் கைகொடுப்பவை. தினமும் இப்படி வெளியிலிருந்து உதவி வந்தால் மூளை அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும். அப்போது பழைய அளவு பத்தாது. மாத்திரை கிடைக்காத நாளில் அடக்க ஆள் இல்லாமல் நடுக்கம், வியர்வை, படபடப்பு, சுத்தமாகத் தூக்கமின்மை என்று எல்லாம் சேர்ந்து வரும். இதை உடல் சார்பு என்கிறோம். சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூடப் போடாதவருக்கும் சில வாரங்களில் இது வரலாம். அதனால்தான் இந்த மாத்திரைகளை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்கிறார்கள். இந்த வகையில் முதல் மருந்து 1960-ல் விற்பனைக்கு வந்தபோது இப்படிப் பழக்கமாகும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை.

அடிமைத்தனம் அதற்கு அடுத்த படி. ரெண்டு மூன்று டாக்டரிடம் தனித்தனியாகச் சீட்டு வாங்குவது, அரிசிப் பானைக்குள் அட்டையை ஒளித்துவைப்பது, கீழே விழுந்த பிறகும் அதே அளவைத் தொடர்வது, பகலிலும் எத்தனை மாத்திரை மிச்சம் என்றே மனசு எண்ணிக்கொண்டிருப்பது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். உங்களுக்குச் சார்பு நிச்சயம் இருக்கிறது. நீங்களாகவே ஒன்றை ரெண்டாக்கியது அடுத்த படிக்கான எச்சரிக்கை. எதுவானாலும் சிகிச்சை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: இன்றைய அளவை நிலையாக வைத்துக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில் மெல்ல இறக்குவது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் காலத்தில், வாசல் வரை வரிசை நிற்கும்போது, நானும் முப்பது நாளுக்கு எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எப்போது நிறுத்துவது என்று சொன்னதில்லை. ஆகவே உங்களை நீங்கள் திட்டிக்கொள்ளாதீர்கள். துக்கத்தில் வராத தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். துக்கத்தைப் பற்றி யாராவது உட்கார்ந்து பேசினார்களா? குறைக்கும் காலத்தில் அந்தப் பேச்சும் நடக்க வேண்டும். அதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறேன். குடியை அன்றே விட்டுவிடுவேன். எட்டு வருடமாகப் போடும் குளோனசெபாமையும் சேர்த்து விடலாம் என்றிருக்கிறேன். மனசு உறுதியாக இருக்கிறது. சரிதானே? (திருமங்கலம் வாசகர்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் மனவுறுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வலிப்பு மனவுறுதியைப் பார்த்து வருவதில்லை.

குடியும் இந்த மாத்திரையும் மூளையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வேலை செய்கின்றன. ரெண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். குளோனசெபாம் உடம்பில் நெடுநேரம் தங்கும் மருந்து. முதல் ரெண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது. ‘விட்டாச்சு’ என்று நினைக்கும்போது, நாலைந்து நாள் கழித்தோ ஒரு வாரம் கழித்தோ, தொல்லை ஆரம்பிக்கும். அல்பிரசோலம் போல சீக்கிரம் வெளியேறும் மருந்தில் ஓரிரு நாளிலேயே தெரிந்துவிடும்.

சரி, எப்படி விடுவது? பொதுவாக, போடும் மொத்த அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து, 2 முதல் 4 வாரம் அங்கேயே நின்று, உடம்பு பழகியபின் அடுத்த படி இறங்குவோம். தொல்லை அதிகமானால் அதே படியில் இன்னும் சில வாரம் நிற்கலாம். கடைசிப் படிகள்தான் கடினம், அங்கே வேகத்தை இன்னும் குறைப்போம். சீக்கிரம் வெளியேறும் மருந்து என்றால், சிலருக்கு அதை முதலில் டயசெபாம் போன்ற நீண்டநேர மருந்துக்கு மாற்றிக்கொள்வோம். எவ்வளவுக்கு எவ்வளவு என்ற கணக்கை டாக்டர்தான் போட வேண்டும். ஒரு மண்டலம் என்பது 48 நாள். எட்டு வருடப் பழக்கத்துக்கு அது போதாது. பல மாதம் ஆகலாம், வருடத்தைத் தாண்டினாலும் தவறில்லை.

தினசரி குடிப்பவர் என்றால் குடியையும் வீட்டில் தனியாக நிறுத்த வேண்டாம். மாலை போடுவதற்கு ரெண்டு வாரம் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். சில நாள் உள்நோயாளியாக இருந்து, வைட்டமின் பி1 போட்டு, பாதுகாப்பாக நிறுத்தலாம். அதுவரை, குடித்த வேகத்தில் மாத்திரை போடுவது மூச்சை அடக்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மருந்தாக டாக்டர் சொல்லிப் போடும் மாத்திரை விரதத்துக்குக் குறை ஆகாது என்றே நான் நினைக்கிறேன். உங்கள் குருசாமியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வலிப்போ குழப்பமோ வந்தால் கையில் இரும்பு கொடுத்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஆறு மாதமாக மறதி, தள்ளாட்டம். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். ஞாபக மறதி நோய் என்கிறார்கள். பல வருடமாக லோராசெபாம் போடுகிறார். (உசிலம்பட்டி வாசகி)

பதில்: மறதி நோய் என்று முடிவுகட்டும் முன் அந்த மாத்திரையைப் பற்றி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். வயதானவர் உடம்பில் இவ்வகை மருந்துகளின் பிடி அதிகம், பலவும் வெளியேறவும் அதிக நேரம் எடுக்கும். தள்ளாட்டம், பகல் தூக்கம், ஞாபகக் குறைவு எல்லாம் வரும். விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். மெல்லக் குறைத்த பிறகு பேச்சும் நடையும் தெளிவான பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அட்டையைப் பிடுங்கி வீசிவிடாதீர்கள். ஆபத்து அதில்தான்.

கேள்வி: மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் அல்பிரசோலம் கேட்கிறார்கள். தெரிந்த முகம், மறுக்கச் சங்கடமாக இருக்கிறது. (மேலூர் வாசகர்)

பதில்: அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் எல்லாம், டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய எச்1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச் முதல் இந்த விதி இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. அதேசமயம் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். “திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், இன்னைக்கே டாக்டரைப் பாருங்க” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ராத்திரி வேலை. பகலில் மாத்திரை இல்லாமல் தூங்கவே முடியவில்லை. மனநல டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் தூக்கம் கெட்டதற்குக் காரணம் வேலை நேரம். மாத்திரை அதை மறைக்கிறது. லீவு நாளிலும் முடிந்தவரை அதே நேரத்தில் எழுந்திருங்கள். வேலை முடிந்து வரும்போது வெயில் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். மார்க்கெட்டில் டீயைப் பாதி ராத்திரியோடு நிறுத்துங்கள். படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து உட்காருங்கள், புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம்.

ஊருக்குத் தெரியாது. 2017 மனநலச் சட்டம் உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. கோரிப்பாளையம் பக்கம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், காலி அட்டையையும்கூட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்ற உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நாலு போடுபவர் கூச்சத்தில் ரெண்டு என்று சொன்னால், ரெண்டிலிருந்து குறைக்க ஆரம்பிப்போம். அன்றே பாதி அளவு திடீரென நின்றுபோகும்.