நல்ல புரோகிராமர்கள் இருந்தும் கம்பெனி மென்பொருள் திட்டங்கள் ஏன் சொதப்புகின்றன?

நிரல் எழுதத் தெரியாமல் கெட்டுப்போகும் புராஜெக்ட்கள் குறைவு. தேதியை முதலில் அறிவித்துவிட்டு, வேலை எவ்வளவு என்று அப்புறம் கணக்குப் போடுவதில்தான் பெரும்பாலும் கோளாறு ஆரம்பிக்கிறது.

தேதி நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது சோதனை. பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில், ஒரே வார இறுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. அது இரண்டு தரவு மையங்களில் ஓட வேண்டியது. சுமை தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டுமே செய்திருந்தார்கள். லட்சக்கணக்கானோரால் சொந்தக் கணக்கையே திறக்க முடியவில்லை. நிலைமை சீராக டிசம்பர் ஆனது. 2022-இல் 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம்.

இதைவிட மோசம் என்று நான் நினைப்பது வேறு. கெட்ட செய்தி மேலே ஏற ஏற உருமாறிவிடும். "இணைப்பு வேலையை இன்னும் தொடவே இல்லை" என்பார் டெவலப்பர். டீம் லீடின் மின்னஞ்சலில் அது "சிறு தாமதம்". மேனேஜரின் ஸ்லைடில் மஞ்சள் வட்டம். இயக்குநர்களின் மேசைக்கு வரும்போது பச்சை, அதாவது எல்லாம் சரி! யாரும் முழுப் பொய் சொல்லவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் பூசி மெழுகியிருக்கிறார்கள். திருத்த நேரம் இருந்த நாட்களெல்லாம் இப்படியே கரைந்துவிடும்.

கடைசியில் ஆள் சேர்ப்பார்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவர்களின் நேரம் போய்விடும்.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? அந்த மென்பொருளில் தினமும் வேலை பார்க்கப்போகிற ஊழியரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்காரவைத்து, அதுவரை முடிந்த பகுதியை அவரையே ஓட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.